முன்பக்கத்து மணல்

நான்காவது குடத்தையும் ஊற்றியாயிற்று. மணல் வந்துகொண்டேதான் இருந்தது. காதிலிருந்து வந்தது, மூக்கிலிருந்து வந்தது, உதட்டை விலக்கினால் பல்லிடுக்கில் அப்பிக் கிடந்தது. ஜோதியம்மாள் விரலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு புருஷனின் வாய்க்குள் விட்டுத் துடைத்தாள். பெண்ணையாற்று மணல் பொடிமணல். ஒட்டினால் லேசில் விடாது.

"போதும் விடு ஜோதி. சடங்குத் தண்ணி ஊத்துறப்ப எல்லாம் போயிரும்" என்றாள் பக்கத்து வீட்டு வெங்கடம்மாள். குடம் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது.

"வாயில மண்ணோட அனுப்பச் சொல்றியா?"

வெங்கடம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அடுத்த குடத்துக்குப் போனாள்.

ஊருக்கு வெளியே செத்தவனை வீட்டுக்குள் ஏற்றக் கூடாது. அதனால் திம்மப்பனை வாசலில் புங்க மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். விடிந்தும் விடியாததுமாக ஜீப் கீழத்தெருவுக்குள்ளேயே வந்து நின்றது. அந்த ஜீப் அதுவரை தெருவுக்குள் வந்ததில்லை. வழக்கமாக அதை ஓட்டுகிற திம்மப்பன் பின்னால் கிடந்தான். ஓட்டி வந்தவர் சென்னகிருஷ்ணன். மத்திகிரி மாட்டுப் பண்ணையில் குமாஸ்தா. ஜீப்புக்குச் சொந்தக்காரரான கோவிந்தன், பெரிய வீட்டு ஒரே பிள்ளை, சடலத்தோடு பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு தலையைக் கவிழ்த்திருந்தார்.

பேசியது சென்னகிருஷ்ணன்தான். "ராத்திரி கொஞ்சம் அதிகமா குடிச்சிருந்தான்மா. ஜீப்புக்கடியில போய்ப் படுத்துட்டான். மழ வந்துச்சு. மணலு எளகி வண்டி எறங்கிருச்சு. நாங்க பாக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. பலக போட்டு வண்டிய எடுக்கவே இவ்வளவு நேரமாச்சு."

கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றார் ஒருவர். பட்டாளத்திலே குண்டுக்குத் தப்பி வந்தவனுக்குப் பெண்ணையாற்று மணலிலே சாவு எழுதியிருக்கிறது பார் என்றார் இன்னொருவர். ஜோதியம்மாளுக்கு அப்போது காதில் எதுவும் ஏறவில்லை. ஜீப் திரும்பிப் போன பிறகு, அழுது ஓய்ந்து, முகத்து மணலைத் துடைக்கலாம் என்று ஈரத்துணியை எடுத்த பிறகுதான் அந்தப் பேச்சு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

ஜீப்புக்கடியில் போய்ப் படுத்துவிட்டானாம்.

திம்மப்பன் குடிக்காதவன் இல்லை. இந்தப் பக்கம் மதுவிலக்கு என்றால், எட்டி நடந்தால் மைசூர்ச் சீமை. அத்திப்பள்ளியில் குடித்துவிட்டு, போன வழியும் வந்த வழியும் தெரியாமல் அவன் வீடு வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. ஆனால் அப்படி வந்த ராத்திரிகளிலும் தெருவில் யார் வண்டிக்கடியிலாவது நாய் படுத்திருந்தால் கல்லெடுத்து விரட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். சண்டைக் காலத்தில் லிபியாப் பாலைவனத்தில் லாரி ஓட்டியவன். அங்கே அவனோடு இருந்த பஞ்சாபிக்காரன் ஒருவன், வெயிலுக்கு லாரிக்கடியில் படுத்தவன், எழுந்திருக்கவே இல்லையாம். மணல் தூங்காது ஜோதி, நாம தூங்கினா அது எறங்கும் என்பான். இந்தக் கதையைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கே அந்தப் பஞ்சாபிக்காரன் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டான். மாட்டு வண்டி நிழலில் உட்கார்ந்து கூழ் குடிப்பவர்களைக்கூட எழுப்பிவிடுவான். தெருவே சிரிக்கும். "பட்டாளத்தான் வர்றான், வண்டிக்கடியில இருக்கிற கோழியப் புடிங்கடா" என்பார்கள்.

அவனா போய்ப் படுத்தான்?

அவள் சட்டையைக் கிழித்து எடுத்தாள். மார்பு, வயிறு, தொடை என்று முன்பக்கம் பூராவும் மணல் வேர்க்குரு மாதிரி பதிந்திருந்தது. வயிற்றில் பழைய தழும்பு. பாலைவனத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது கொதிநீர் பட்டு வெந்தது. அந்தத் தழும்பு இழுக்கும் என்று அவன் ஒரு நாளும் குப்புறப் படுத்ததில்லை. மல்லாந்து கிடந்து கூரை அதிரக் குறட்டை விடுவான். "வெங்கடக்கா, இப்பிடிக் கொஞ்சம் பொரட்டு" என்றாள். இரண்டு பேருமாகப் புரட்டினார்கள். முதுகில் மணலே இல்லை. தோளுக்குக் கீழே குறுக்காக, உலக்கை வைத்து அழுத்தினதுபோல, கறுத்து இறங்கியிருந்தது.

"ஐயோ, முதுகுலயா பட்டுது" என்றாள் வெங்கடம்மாள்.

ஜோதியம்மாளுக்கு அழுகை நின்றுபோயிருந்தது. அதற்குப் பதிலாக வேறு ஏதோ ஒன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அவளுக்கே பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் கரியப்பன் வந்து நின்றார். திம்மப்பனுக்குச் சித்தப்பன். கீழத்தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், ஊருக்குள் பெரிய வீடுகளில் விழுந்தாலும், உறவு ஊர்களுக்குச் சேதி கொண்டு போவது அவர் வேலை. தலைப்பாகை கட்டி, கையில் கோலோடு, புறப்படத் தயாராக இருந்தார். சேதி கொண்டு போகிறவர் சாவு வீட்டு வாசலில் நின்று, என்ன சொல்லட்டும் என்று கேட்க வேண்டும். வீடு என்ன சொல்கிறதோ அதுதான் சேதி. வழியில் ஒரு வார்த்தை கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். அவர் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். பிறகு அதுதான் அந்தச் சாவு. பேரன் காலத்திலும் அதையேதான் சொல்வார்கள்.

"ஜோதி, நேரமாவுது. என்னா சொல்லட்டும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கங்கப்பன் வந்து சொல்லிட்டுப் போனாரு. குடிச்சுட்டுப் படுத்தான், வண்டி எறங்கிருச்சுன்னு சொல்லிருன்னாரு. அப்பிடியே சொல்லிரட்டுமா?"

"எங்க ஊட்டுச் சேதியச் சொல்ல அவரு யாரு மாமா?"

கங்கப்பன் பெரிய வீட்டுக் காரியஸ்தர். பேச்சு முடிவதற்குள் அவரே தெருவுக்குள் வந்துவிட்டார். கூடவே ஓர் ஆள் தலையில் அரிசி மூட்டை, கையில் புது வேட்டி. கங்கப்பன் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கட்டிலிலிருந்து தள்ளியே நின்றார்.

"பெரிய எசமான் சொல்லி அனுப்பிச்சாரு. வெயில் ஏர்றதுக்குள்ள எடுத்துருங்க. போலீஸ்காரன் காதுல விழுந்துதுன்னா ஓசூருக்குத் தூக்கிட்டுப் போயி அறுத்துருவான். குடி கேஸ் வேற. செத்தவனுக்கு மானம் இல்லாம போயிரும், பாத்துக்க."

"சின்னெசமானப் பாக்கணும்" என்றாள் ஜோதியம்மாள்.

"அவரு எங்க வர்றது? ஜொரத்துல கெடக்காரு. தோள்பட்ட வேற எறங்கிருச்சு. கட்டுக் கட்டுறவன் வந்து இழுத்து உக்கார வெச்சிருக்கான். அந்தப் புள்ள போட்ட சத்தம் ஊருக்கே கேட்டுது."

"தோளு எப்பிடி எறங்குச்சு?"

கங்கப்பன் துண்டை இன்னும் இறுக்கிப் பொத்தினார். "மழையில... வழுக்கி விழுந்துட்டாரு."

ஜோதியம்மாள் எழுந்தாள். சேலை முட்டிவரை நனைந்து மண்ணாகக் கிடந்தது. தலைமுடியை அள்ளி முடிந்தாள். "அக்கா, ஈ உக்காராம பாத்துக்க" என்று வெங்கடம்மாளிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். புருஷன் வாசலில் கிடக்கும்போது பெண்டாட்டி வெளியே கிளம்புகிற வழக்கம் எங்கேயும் கிடையாது. கரியப்பன், "ஜோதி, ஏய் ஜோதி" என்று கோலைத் தூக்கிக்கொண்டு நான்கு அடி பின்னால் வந்து, பிறகு நின்றுவிட்டார். கங்கப்பன் மட்டும் திட்டிக்கொண்டே தொடர்ந்து வந்தார்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வேப்ப மரம். அந்த மரம்தான் கோவிந்தன், திம்மப்பன் சிநேகிதத்துக்கு எல்லைக்கல். மரத்துக்கு ஊர்ப் பக்கம் கோவிந்தன் பின் சீட்டில் உட்காருவார். திம்மப்பன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட்டுவான். மரத்தைத் தாண்டி வெளியே வந்ததும் ஜீப் ஒரு நிமிஷம் நிற்கும். கோவிந்தன் தாவி முன்னால் வருவார். பெங்களூரில் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட ஜீப் அது. அதை வாங்கிக் கொண்டுவந்து ஓட்டத் தெரியாமல் களத்தில் வைக்கோல் போருக்குள் விட்ட கோவிந்தனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது திம்மப்பன். லிபியாக் கதைகளைக் கேட்டுக் கேட்டுக் கோவிந்தனுக்குப் பித்துப் பிடித்தது. வருஷா வருஷம் சித்திரையில் ஆறு வற்றியதும், "லிபியா போறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். சானமாவு காட்டுக்குக் கீழே ஆறு அகன்று, காற்று மணலை மேடு மேடாகக் குவித்து வைத்திருக்கும். அந்த மேடுகளில் ஜீப்பை ஏற்றி இறக்குவார்கள். கூடாரம் அடித்து, கோழி சுட்டு, அங்கேயே தங்குவார்கள். ஆனை வந்தால் ஆற்று மணலில் விழுந்தடித்து ஓடவும் செய்வார்கள். அங்கே திம்மப்பன்தான் மேஜர். டயரில் காத்தை இறக்குங்க என்றால் கோவிந்தன் இறக்குவார். சக்கரம் புதைந்தால் சின்ன எஜமானும் பண்ணைக் குமாஸ்தாவும் மண்வெட்டி பிடிப்பார்கள். மூன்று பேரும் ஒரே சட்டியில் தின்பார்கள். அந்த இரண்டு நாளும் முடிந்து வீடு திரும்பும்போது திம்மப்பன் ஒரு சாண் வளர்ந்து வருவான். "வேப்ப மரம் வந்ததும் கொறஞ்சிருக்குமே அந்தச் சாணு" என்று அவள் கேலி செய்வாள். அவன் கோபப்படமாட்டான். "அங்க இருந்தேன் இல்ல, அது போதும்" என்பான்.

பெரிய வீட்டு வாசலில் ஜீப் நின்றது. அதன் அடிவயிற்றில் ஈர மணல் இன்னும் ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் தாண்டிப் போனாள். வாசற்படிக்கு முன்னால், எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நின்றாள். பெரிய எஜமான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாயில் வெற்றிலை இல்லை. முகம் செத்த வீட்டுக்காரர் முகமாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

"என்னம்மா இது, அங்க பொணத்தப் போட்டுட்டு? எது வேணும்னாலும் கங்கப்பன்கிட்டச் சொன்னா செய்வான் இல்ல?"

"எனக்கு ஒண்ணும் வேணாங்க எசமான். சின்னெசமான்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்."

"அவனுக்கு மேலுக்கு முடியல."

அதற்குள் கோவிந்தன் வெளியே வந்துவிட்டார். வலது கையைத் தூளியில் போட்டுக் கழுத்தோடு கட்டியிருந்தது. ஒரே ராத்திரியில் பத்து வயது கூடிப் போயிருந்தார். அவருக்குப் பின்னால் கதவோரம் அவர் மனைவி சரோஜம்மாள். உள்ளே தூணருகே சென்னகிருஷ்ணன் நின்றிருந்தார்.

ஜோதியம்மாள் கேட்டாள்: "எங்க ஊட்டுக்காரரு மல்லாந்து கெடந்தாரா, குப்புறக் கெடந்தாராங்க?"

உள்ளே தொழுவத்தில் ஒரு மாடு மணியாட்டியது.

"நான் கழுவிப் பாத்துட்டேன். மண்ணு பூரா முன்னால. அடி பூரா முதுகுல. அவரு குப்புறப் படுக்குற ஆளு இல்லீங்க. வண்டிக்கடியில படுக்குற ஆளும் இல்ல. அது உங்களுக்குத் தெரியும். என்னவிட நீங்கதான் அந்தக் கதைய அதிகமாக் கேட்டிருப்பீங்க."

"கங்கப்பா, இவளக் கூட்டிட்டுப் போ" என்றார் பெரிய எஜமான்.

"நான்தான் படுத்திருந்தேன்" என்றார் கோவிந்தன்.

"கோவிந்தா, உள்ள போ!"

"நான்தான்ப்பா படுத்திருந்தேன்." அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. அவள் காலடி மண்ணைப் பார்த்துச் சொன்னார். "பொழுதோட சக்கரம் பொதஞ்சுபோச்சு. அடியில மண்ணத் தோண்டி வெச்சிருந்தோம், காலையில பலக போட்டு எடுக்கலாம்னு. அந்தக் குழியில படுக்காதீங்கன்னு அவன் சொல்லிட்டுத்தான் டென்ட்டுக்குப் போனான். நான் குடிச்சிருந்தேன். நடுச்சாமத்துல மழ வந்துச்சு. குழிக்குள்ள ஒதுங்குனேன். வண்டி நெஞ்சுல அழுத்துறப்பதான் கத்துனேன். சென்னகிருஷ்ணன் கையப் புடிச்சு இழுத்தான், நான் வரல. திம்மப்பன் குப்புற விழுந்து உள்ள வந்தான். முதுகக் குடுத்து வண்டியத் தூக்குனான். ஒரு வெரக்கட தூக்கியிருப்பான், அவ்வளவுதான். சென்னகிருஷ்ணன் என்ன வெளிய இழுத்துட்டான். அப்புறம் கரையே சரிஞ்சுபோச்சு."

கதவோரம் சரோஜம்மாளின் கை தாலியைப் போய்ப் பிடித்தது. ஜோதியம்மாள் அதைப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பெண்மேல் பொறாமை வந்தது. உடனே திம்மப்பன்மேல் கோபம் வந்தது. ஏன்யா போனே? ஒரு பஞ்சாபிக்காரனை எனக்குச் சொந்தக்காரனாக்கிவிட்டு, நீ ஏன்யா உள்ளே போனே? வாய்விட்டுக் கேட்டுவிடுவோமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெரிய எஜமான் எழுந்து நின்றார். குரலைத் தணித்துப் பேசினார். "சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. உன்னை இந்த வீடு கைவிடாது. இதப் போயி வெளிய பேசி, போலீசு, குடி கேசுன்னு இவன் ஜெயிலுக்குப் போனா உனக்கு என்னா வந்துரப் போவுது?"

"ஜெயிலுக்குப் போவச் சொல்லலீங்க. சேதி சொல்ல ஆளு கோலப் புடிச்சுட்டு நிக்குது. என்னா சொல்லட்டும்னு கேக்குது. குடிச்சுட்டுப் படுத்துச் செத்தான்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

"உள்ளதச் சொல்லச் சொல்லு" என்றார் கோவிந்தன்.

"எங்க மாமா சொல்லுவாருங்களா? பெரிய ஊட்டுப் புள்ள குடிச்சுட்டுக் கெடந்தாருன்னு எங்க தெரு ஆளு ஊரு ஊராப் போயிச் சொன்னா, நாளைக்கு அவரு இந்த ஊருல இருக்க முடியுங்களா? அப்பிடியே சொன்னாலும் யாரு நம்புவா? செத்தவன் பேருக்குப் பூச்சூட்டுறாங்கன்னுதான் சொல்லுவாங்க." அவள் ஒரு மூச்சு வாங்கினாள். "நீங்க போங்க. நீங்களே எங்க சனத்துக்கிட்டப் போயிச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் எடுக்கமாட்டேன்."

கங்கப்பன் "அடிப்பாவி" என்றார். பெரிய எஜமானுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க ஊட்டுச் சாவுக்கு உங்க தெருக்காரன் சேதி சொல்லப் போவான். உங்க சாவுக்கு என் மகன் போறதா? தலமொறையில இல்லாதத கேக்குறியா?"

"தலமொறையில இல்லாததுதாங்க ராத்திரி நடந்துச்சு" என்றாள் அவள்.

கோவிந்தன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். அவள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். வேப்ப மரம்வரை முதுகுப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். குடியிருக்கிற மண் பெரிய எஜமானுடையது, கூலிக்குப் போகிற வயல் அவருடையது, குடிக்கிற தண்ணீர்க் கிணறு அவருடையது என்பதெல்லாம் அந்த மரத்தடிக்கு வந்த பிறகுதான் வரிசையாக நினைவுக்கு வந்தன.

புங்க மரத்தடியில் கூட்டம் கூடியிருந்தது. அவள் போய்வந்த சேதி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பெண்கள் அவளைப் பார்த்த பார்வையில் பாதி இரக்கம், பாதி எரிச்சல். செத்தவன் செத்தான், இருக்கிறவர்களையும் சேர்த்துப் புதைக்கப் பார்க்கிறாள் இவள் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அது அநியாயமான பேச்சும் இல்லை. அவள் கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் ஈ ஓட்டினாள்.

கரியப்பன் கோலை மடியில் போட்டுக்கொண்டு மரத்து வேரில் உட்கார்ந்திருந்தார். சாவு விழுந்து இவ்வளவு நேரம் அவர் உட்கார்ந்தது ஆயுசில் இல்லை. காலை மாற்றி மாற்றி நீட்டினார்.

கொஞ்ச நேரத்தில் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். சத்தம் ஊரைச் சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது. பின்னாலேயே கங்கப்பன் வந்தார். "சின்னெசமானுக்கு வலி தாங்கல. ஓசூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு சென்னகிருஷ்ணன்கிட்டச் சொல்லிட்டாரு பெரியவரு. வர ரெண்டு மூணு நாளாவும். நீ ஆவுற காரியத்தப் பாரு."

ஜோதியம்மாள் ஈ ஓட்டுவதை நிறுத்தினாள். அப்படியானால் அவ்வளவுதான். வேப்ப மரத்துக்கு வெளியே இருந்த சிநேகிதம் அங்கேயே முடிந்தது. கோவிந்தனைக்கூட அவளால் திட்ட முடியவில்லை. உன் ஆற்று மணலில் நீ மேஜராக இருந்தாய், அதை நம்பி உள்ளே போனாய் என்று புருஷனைத்தான் மனசுக்குள் திட்டினாள்.

வெயில் உச்சிக்கு ஏறியது. மரநிழல் சுருங்கி, கட்டிலை இரண்டு முறை நகர்த்திப் போட்டார்கள். மூன்றாவது முறை நகர்த்தியபோது கரியப்பன் அவள் பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஜோதி, நான் சொல்றதக் கேளு. குடிச்சான்னு சொல்ல வேணாம். படுத்தான்னும் சொல்ல வேணாம். மழையில வண்டி சாஞ்சுது, அடிபட்டுப் பூட்டான்னு மட்டும் சொல்றேன். பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல. இப்ப கெளம்புனாத்தான் பக்கத்து ஊருச் சனமாவது மொகம் பாக்கும். பர்கூருக்கு இனிமே போவ முடியாது. அவங்கக்கா மொகம் பாக்காம போவட்டும்னா சொல்ற?"

பர்கூரில் கல்லுடைக்கிற வேலைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்த கெம்பம்மா, திம்மப்பனைத் தூக்கி வளர்த்த அக்காள். அந்தப் பெயரைக் கேட்டதும் ஜோதியம்மாள் உடைந்துபோனாள். எத்தனை நேரம்தான் ஒருத்தி ஒற்றையாக நிற்பது? சொல்லுங்க மாமா, என்னமோ ஒண்ணைச் சொல்லுங்க என்று சொல்ல வாயெடுத்தாள்.

தெருக்கோடியில் அழுகைச் சத்தம் கேட்டது.

மேற்கே இரண்டு மைலில் இருக்கிற ஊரிலிருந்து திம்மப்பனின் மாமன் மக்கள், பெண்களும் ஆண்களுமாக ஒரு கூட்டம், மாலையோடு வந்துகொண்டிருந்தார்கள். கரியப்பன் எழுந்து நின்றார். "இவங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். வந்தவர்கள் கட்டிலில் விழுந்து அழுதார்கள். அந்தக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் திம்மப்பனின் கால்மாட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். வயதில் மூத்தவர் இளையவன் காலில் விழுகிறதாவது! அவர் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். ஜோதியம்மாள் அவரையே பார்த்தாள். கேட்கப் பயமாக இருந்தது, கேட்காமலே இருந்தாள்.

பிறகு இன்னொரு ஊரிலிருந்து வந்தார்கள். அதற்குப் பிறகு, வெயில் தாழ்கிற நேரத்துக்கு, பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாள் கெம்பம்மா. தெருமுனையிலேயே மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். தம்பியை அவள் எப்போதும் கன்னடத்தில்தான் கூப்பிடுவாள்.

"ஏ தம்மா... வேணான்னு சொன்ன குழிக்குள்ள நீயே போனியே தம்மா... முதுகுல வண்டியத் தாங்குனியே தம்மா... ஊரான் புள்ளய வெளிய தள்ளிட்டு நீ உள்ள இருந்துட்டியே தம்மா..."

கங்கப்பன் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார். ஜோதியம்மாள் எழுந்து ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து அடைத்துக் கிடந்த அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. இரண்டு பேரும் கட்டிலடியில் விழுந்து அழுதார்கள். யாரும் அவர்களைத் தேற்ற வரவில்லை.

அழுது முடிந்து, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, கெம்பம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அந்தப் புள்ளதான் வந்துச்சு. கோயிந்தன். இதுக்கு முன்னால தம்மாகூட ரெண்டு மூணு வாட்டி வந்திருக்குது. தெருமொனையிலயே ஜீப்புல உக்காந்திருக்கும், எறங்குனதே இல்ல. இன்னைக்கு எறங்கி வந்துச்சு. எங்க வாசலுக்கு எதுக்க செருப்பக் கழட்டி உட்டுட்டு நின்னுச்சு, நம்ம ஆளுங்க அவங்க வாசல்ல நிக்குற மாதிரியே. உள்ள வாங்க சாமின்னேன். வரல. நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொல்லிச்சு. நான் குடிச்சிருந்தேன்னு சொல்லிச்சு. நான்தான் படுத்திருந்தேன்னு சொல்லிச்சு. தெரு சனமெல்லாம் கேட்டுட்டு நின்னுது."

ஜோதியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கெம்பம்மா மேலே சொன்னாள்.

"சேதி கொண்டாந்த ஆள வெறுங்கையோட அனுப்பலாமா? ஒரு மொறம் ராகி அள்ளிட்டு வந்தேன். கொண்டாந்த அப்புறம்தான் எனக்கே திக்குனு ஆச்சு, பெரிய ஊட்டுப் புள்ளைக்குப் போயி இத எப்பிடிப் போடுறதுன்னு. அது துண்ட எடுத்து விரிச்சுச்சு. ஒரு கைதான் இருக்குது, இன்னொண்ணு கட்டுல கெடக்குது. ஒரு மொனையக் கையில புடிச்சுக்கிட்டு, இன்னொரு மொனையப் பல்லால கடிச்சுப் புடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு நின்னுச்சு. நான் போட்டேன் ஜோதி. ஒண்ணும் சிந்தாம வாங்கிக்கிச்சு."

"இப்ப எங்க அவரு?"

"இன்னும் ரெண்டு ஊரு பாக்கி இருக்குதுன்னு சொல்லிட்டுப் போச்சு."

கங்கப்பன் தொண்டையைக் கனைத்தார். இப்போது அவர் குரலில் காலையிலிருந்த அதட்டல் இல்லை. "அக்காளும் வந்தாச்சு. இனிமேலாவது எடுக்கலாமாம்மா? பொழுது சாயுது."

ஜோதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திம்மப்பன்மேல் கிடந்த புது வேட்டி காற்றில் விலகியிருந்தது. அதை மார்புவரை இழுத்து விட்டாள்.

"இன்னும் ரெண்டு ஊரு சனம் வரணுங்க" என்றாள். தலைமாட்டில் உட்கார்ந்து, திரும்பவும் ஈ ஓட்ட ஆரம்பித்தாள்.